நீல வாளி பற்றி ஓர் அம்மாவின் கருத்து

அந்தப் புத்தகத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அட்டை வழவழப்பாக இருக்கும், நழுவிக் காலில் விழுந்தால் வலிக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு நீர்யானை. அதன் பின்னங்கால் ஒரு நீல வாளிக்குள் மாட்டிக்கொள்கிறது. நீர்யானைக்கு வாளியில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. கேட்டால் கதையே இல்லை. அது வாளியோடு டக்கு டக்கென்று நொண்டிக்கொண்டு காடெல்லாம் சுற்றி, கண்ணில் படுகிற மிருகத்திடமெல்லாம் உதவி கேட்கிறது. ஒவ்வொன்றும் ஓர் உதவாக்கரை யோசனை சொல்லி, வாளியைப் பிடித்து இழுத்து, சேற்றில் விழுகிறது. குரங்கு விழுந்தது, ஒட்டகச்சிவிங்கி விழுந்தது, முதலை விழுந்தது, யானையும் விழுந்தது. இதை எழுதினவருக்குப் பிள்ளைகள் இருக்க வாய்ப்பே இல்லை என்பது அவள் தீர்மானம். இருந்திருந்தால், ஒரே கதையை மாதக்கணக்கில் தினமும் படித்துக் காட்டுவது என்றால் என்னவென்று தெரிந்து, இதில் பாதியோடு நிறுத்தியிருப்பார்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே எதிலாவது மாட்டிக்கொண்டவர்களோடுதான். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதவு திறக்கவில்லை, துணி உள்ளே மாட்டிக்கொண்டது. தண்ணீர் இறங்கவில்லை. ஃபிரிட்ஜ் உறுமுகிறது. எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் இவள் குரல் ஏறக் கூடாது. முதலில், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது என்று சொல்ல வேண்டும். அடுத்து, ப்ளக் செருகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டதும் பாதிப் பேர் எகிறிக் குதிப்பார்கள், என்னைப் பார்த்தால் முட்டாள் மாதிரி இருக்கிறதா என்பார்கள். மீதிப் பேர் சத்தம் போடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிடுவார்கள். எதற்கும் மசியாத கேஸாக இருந்தால், மெக்கானிக் நாளைக்கு வருவார் என்று சொல்லி முடிக்க வேண்டும். தெரியாது என்கிற வார்த்தைக்கு அங்கே இடமில்லை. எந்த அழைப்பை மேலாளர் அம்மா ஒட்டுக் கேட்கிறார் என்பது கடவுளுக்கும் மேலாளர் அம்மாவுக்கும்தான் தெரியும்.

அலுவலகத்தில் அவளுக்குத் தேன்குரல் என்று பெயர். கத்திக்கொண்டே வருகிறவர்களைத் தனியாகப் பிரித்து இவள் பக்கம் தள்ளிவிடுவார்கள். நன்றாக வேலை செய்தால் கிடைக்கிற பரிசு கூடுதல் வேலைதானே. அந்தத் தேன் வீட்டு மாடிப்படி ஏறும்போதே தீர்ந்துபோய்விடும். கதவைத் திறக்கிற மகளிடம், "செருப்பை ஓரமா வை, எத்தனை தடவை சொல்றது" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வராது. ஊரில் இருக்கிறவனிடமெல்லாம் பொறுமையாகப் பேசிவிட்டுப் பெற்ற பிள்ளைக்கு மிச்சம் மீதியைக் கொடுக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தாத நாள் இல்லை. உறுத்தி என்ன பயன், அடுத்த நாளும் அதேதான்.

மகளுக்கு ஐந்து வயது. ஒல்லியாக, கூர்மையாக இருப்பதால் அப்பா வைத்த பெயர் குண்டூசி. அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுவான். சமையலும் பாத்திரமும் அவன் பொறுப்பு, பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பது இவள் பொறுப்பு. இந்தப் பங்கு பிரித்ததுதான் நம் கல்யாணத்தில் நடந்த ஒரே உருப்படியான காரியம் என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான்.

சாப்பாடு முடிந்ததும் குண்டூசி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வேறு புத்தகங்கள் இல்லாமல் இல்லை. பகிர்ந்து சாப்பிட்ட முயல்கள், பல் தேய்த்த கரடி, பொய் சொல்லாத அணில் என்று புத்தி சொல்கிற புத்தகமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கியிருந்தாள் அம்மா. குண்டூசி அவற்றின் அட்டையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடுவாள். நீல வாளிதான் வேண்டும். அதுவும் படுத்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். சுவரோரம் மகள், இந்தப் பக்கம் அம்மா, நடுவில் நீர்யானை.

குரங்கு வரைக்கும் அவள் ஒழுங்காகப் படிப்பாள். ஒட்டகச்சிவிங்கி வரும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். வாய் மட்டும் ஏதோ படித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ சிரிப்பது போலக் கொஞ்சம் கேட்கும். அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. எழுந்து பார்த்தால் விளக்கு அணைந்திருக்கும், புத்தகம் தலைமாட்டில் ஒழுங்காக மூடி வைத்திருக்கும், கழுத்துவரை போர்வை போர்த்தியிருக்கும். பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்து கணவன் செய்கிற காரியம் என்று நினைத்துக்கொள்வாள். நன்றி சொல்ல வேண்டும் என்றும் நினைப்பாள். அதற்குள் மறுபடி தூங்கிவிடுவாள்.

இந்த நிலையில்தான் மேலாளர் அம்மா அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, சாயங்கால ஷிஃப்டுக்கு மாறுகிறாயா என்று கேட்டார். மதியத்துக்கு மேல் வந்தால் போதும். சாயங்காலத்தில் அழைப்புகள் குறைவு, கத்துகிறவர்கள் இன்னும் குறைவு. ஜன்னலோர நாற்காலி. பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் காலையில் நிம்மதியாகத் தூங்கலாம். தூங்கலாம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று வந்தாள். ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். வேலை நாளில் மகளும் அவளும் ஒன்றாக இருக்கிற நேரமே அந்தப் படுக்கை நேரம்தான்; அது போய்விடும்.

கணவன் யோசித்துவிட்டு, "மாறிடு. உன் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பாவமா இருக்கு. கதைதானே, நான் படிச்சுக்கிறேன்" என்றான்.

அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பாழாய்ப்போன நீர்யானை. அதைப் படிக்க அம்மா எதற்கு, எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராக இருந்தாலும் போதும். இப்படி நினைத்தபோது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை.

மறுநாளே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று அவனைப் படிக்கச் சொல்லிவிட்டு இவள் பாத்திரம் கழுவப் போனாள். அவன் சும்மா சொல்லக் கூடாது, அமர்க்களப்படுத்தினான். குரங்குக்குக் கீச்சுக் குரல், முதலைக்குக் கரகரத்த குரல், வாளிக்குத் தனியாக ஒரு டக்கு டக்கு. ஆனால் கேட்கிறவளிடமிருந்து ஒரு சிரிப்பு வர வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் உள்ளே வாக்குவாதம் கிளம்பியது. அப்படி இல்லை, இப்படி இல்லை என்று மகள் சாதித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"உன் பொண்ணுக்கு நான் படிக்கிறது பிடிக்கலையாம். கதையை மாத்துறேனாம். இருக்கிறதைத்தான்டி படிச்சேன்."

பிடித்தால் பிடித்த பிடி, எல்லாம் உங்கள் வழியில் வந்தது என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவளே போய்ப் படுத்தாள். முதலை வருவதற்குள் தூங்கியும் போனாள். நாள் போனால் பழகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் குண்டூசியின் டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் பெற்றோரை வரச் சொல்லி, வீட்டில் பிள்ளை விரும்பிக் கேட்கிற புத்தகத்தைப் பற்றி ஒருவரைப் பேசச் சொல்வார். அந்தச் சனிக்கிழமை இவள் முறை. இவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எல்லார் புகாரையும் கேட்கிறவளுக்கு, தன் புகாரைச் சொல்ல ஒரு மேடை கிடைத்திருக்கிறது. இந்த மாதிரி புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்னென்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

பெற்றோர்கள் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தரையில். கணவன் கடைசி வரிசையில், முழங்கையில் போகாத வெள்ளைப் பெயின்ட்டோடு. அவள் எழுந்து, தன்னையறியாமல் அந்த டெலிஃபோன் குரலிலேயே ஆரம்பித்தாள். கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை என்றாள். மிருகங்களில் ஒன்றுக்குக்கூட மூளை இல்லை, எல்லாம் மாற்றி மாற்றிச் சேற்றில் விழுவதில் பிள்ளைகளுக்கு என்ன புத்தி வரப்போகிறது என்றாள். சிலர் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வந்தாள்.

"எல்லாத்தையும்விட, இந்தக் கதைக்கு முடிவே கிடையாதுங்க. கடைசி வரைக்கும் அந்த வாளி கழலவே இல்லை. ஒரு பிரச்சினைன்னா அதுக்குத் தீர்வுன்னு ஒண்ணு வேணாமா? குழந்தைங்க மனசுல என்ன பதியும்?"

டீச்சர் புருவத்தைச் சுருக்கினார். மேஜையில் இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். நீர்யானையின் மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அடுத்த பக்கம் முழுக்க ஒரு தும்மல். வாளி ராக்கெட் மாதிரி பறந்து போய் நிலாவில் தொங்கியது.

"கழண்டுடுதேங்க" என்றார் டீச்சர், சங்கடத்தோடு.

அறையில் சிரிப்பு எழுந்தது. கேலியாக இல்லை என்றாலும் சிரிப்புதான். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. மாதக்கணக்கில் தினமும் படித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறாள். ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அதுவரை விழித்திருந்ததில்லை. பிள்ளைக்கு நான் ஒரு கதையைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்பதை இத்தனை பேர் முன்னால் நானே மேடை போட்டுச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள். சாயங்கால ஷிஃப்டுக்கு அந்த நிமிஷமே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள். அவன் படிக்கட்டும். அவனாவது தும்மல் வரைக்கும் போவான்.

அப்போது தரையிலிருந்து குண்டூசி எழுந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"டீச்சர், அம்மா சொல்றதுதான் சரி. தும்மல் எல்லாம் கிடையாது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார்."

எந்த மெக்கானிக் என்று டீச்சர் கேட்டார். நீர்யானைக்குத்தான் என்றாள் குண்டூசி, இதுகூடத் தெரியாதா என்கிற குரலில். அப்படியானால் நீயே கதையைச் சொல் என்றார் டீச்சர். குண்டூசி முன்னால் வந்து புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கு மேல் விரலை ஓட்டிக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள். பிள்ளைக்கு இன்னும் பாதி எழுத்து தெரியாது. ஆனால் குரல் தடுமாறவில்லை. அது குண்டூசியின் குரலே இல்லை. தேன் வழிகிற குரல்.

நீர்யானை வாளியோடு குரங்கிடம் போனது. வணக்கம், சொல்லுங்கள், உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டது குரங்கு. வாளி மாட்டிக்கொண்டது என்றது நீர்யானை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, முதலில் வாளிக்கு ப்ளக் போட்டிருக்கிறதா பாருங்கள் என்றது குரங்கு. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வாளியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடச் சொன்னது. முதலை, வாளி வாங்கி எத்தனை வருஷமாகிறது, பில் இருக்கிறதா என்று விசாரித்தது. இருங்கள், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டையும் முணுமுணுத்தது. அது கம்பெனியில் காத்திருக்கிறவர்களுக்குப் போடுகிற பாட்டு. இப்போது பெற்றோர்களே நாற்காலியில் ஆடிச் சிரித்தார்கள். யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் விளங்கிக்கொள்வதற்கு முன்பே உடம்பு விளங்கிக்கொண்டது போல, பக்கத்தில் இருந்த மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் என் வாயிலிருந்து வந்ததா? எப்போது? பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்களே, அது யார்?

குண்டூசி யானைப் பக்கத்துக்கு வந்தாள். இந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

"யானைகிட்ட நீர்யானை ரொம்பக் கத்துச்சு. அப்ப யானை சொல்லுச்சு, 'சத்தம் போடாதீங்க சார். வாளியை நான் செய்யலை. நான் காலையிலேர்ந்து இங்கயேதான் உக்காந்திருக்கேன். எனக்கும் முதுகு வலிக்குது. எனக்கும் வீட்ல ஒரு குட்டி இருக்கு சார். என்னை யாரும் எதுவும் கேக்கிறதில்லை.'"

பிள்ளைகள் இதற்கும் சிரித்தார்கள். யானை சார் என்று கூப்பிட்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். ஆனால் பெரியவர்கள் பக்கத்தில் சத்தம் அடங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ வருஷமாக ஹெட்ஃபோனுக்குள் சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள் அத்தனையும் ஒரு படப்புத்தகத்தின் யானையிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதை ஓர் ஐந்து வயதுப் பிள்ளை தினமும் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறது.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"அப்புறம் நீர்யானை, சரி, நீ தூங்குன்னு சொல்லும். மெக்கானிக் நாளைக்கு வருவார்னு சொல்லிட்டு யானை தூங்கிடும். போர்வை போத்திவிட்டு லைட்டை அணைக்கணும். அதோட கதை முடிஞ்சது."

போர்வையையும் விளக்கையும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் குண்டூசி. "ஸ்விட்ச் எட்டாது. நாற்காலி போட்டு ஏறுவேன்."

அவள் திரும்பிக் கடைசி வரிசையில் இருந்த கணவனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கி, நான் இல்லை என்று தலையாட்டினான்.

டீச்சர் நல்ல மனுஷி. வேறு எதையும் தோண்டவில்லை. கடைசியாக, புத்தகத்தைப் பற்றி அம்மா வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மட்டும் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். டெலிஃபோன் குரல் வரவில்லை. "எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வேலையில் சொல்லக் கூடாத வார்த்தை. சொன்னதும் நெஞ்சு லேசானது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சண்டைக்குப் போனாள். தினமும் பிள்ளை நாற்காலியில் ஏறி விளக்கை அணைக்கிறது, விழுந்து கைகால் உடைந்தால் என்ன ஆவது, அடுப்படியில் நின்றுகொண்டு என்னதான் பார்க்கிறீர்கள் என்றாள். குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நான் வரும்போதே இருட்டாகத்தான் இருக்கும், நீயே அணைத்திருப்பாய் என்று நினைத்தேன் என்றான் அவன். இரண்டு பெரியவர்களும் ஆளுக்கொரு பக்கம் நினைத்துக்கொண்டிருக்க, நடுவில் அந்தச் சுண்டுவிரல் உயரத்துப் பிள்ளை கதையை முடித்து, கடையைக் கட்டி, அம்மாவைத் தூங்கவைத்திருக்கிறது.

"சரி, இப்ப ஷிஃப்டுக்கு என்ன சொல்லப்போறே?" என்றான் அவன்.

அவள் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் அவள் நன்றாகத் தூங்கி எழுந்தாள். பிள்ளைக்கு ஒரு நாளாவது உருப்படியாகப் படித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி. சாப்பாடு முடிந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, கண் கொட்டாமல், குரங்கிலிருந்து தும்மல்வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். நடுநடுவே ப்ளக்கையும் பில்லையும் அவளாகவே சேர்த்துக்கொண்டாள். குண்டூசி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, நீயும் அப்பா மாதிரியே படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். தூங்கி எழுந்த அம்மாவுக்கு அந்தக் கதை தெரியவில்லை. என் களைப்புக்கும் ஒரு ரசிகை இருக்கிறாள், என்ன தலையெழுத்தடா இது என்று அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் விளக்கை அவளே அணைத்துவிட்டுப் படுத்தபோது, இருட்டில் ஒரு சின்னக் கை வந்து அவள் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டது. அப்போது அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்குப் பிடித்தது அம்மாவின் களைப்பு இல்லை. அம்மாவிடம் என்ன என்று கேட்கிற ஆளாக இருப்பது பிடித்திருக்கிறது.

திங்கட்கிழமை கண்ணாடி அறைக்குப் போய், சாயங்கால ஷிஃப்ட் வேண்டாம் என்றாள். களைப்பாக இருக்கிறது என்று நீதானே சொன்னாய் என்றார் மேலாளர் அம்மா. ஆமாம், களைப்பாகத்தான் இருக்கிறது என்றாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜன்னலோர நாற்காலி பக்கத்து இருக்கைக்காரருக்குப் போனது. அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவளுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கென்று பார்த்துக் கத்துகிறவர்கள் எல்லாரும் வரிசை கட்டி வந்தார்கள். ஒருவருடைய மெஷினுக்குள் கல்யாணப் புடவை மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொருவர் அவள் பெயர் சொல்லித் திட்டுவதற்காகவே பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, சாப்பிட்டு முடிக்கும்போது உடம்பில் துளியும் சக்தி இல்லை. நாற்காலி ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இல்லை. சமையலறைக் கதவருகே கிடந்தது. இனிமேல் விளக்குக்கு நான் பொறுப்பு, நீ கூப்பிட்டால் வருவேன் என்று அப்பா குண்டூசியிடம் ஒப்பந்தம் போட்டிருந்தான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்காவது நன்றாகப் படிக்க வேண்டுமே என்று கண்ணை அகல விரித்தாள். அட்டையில் நீர்யானை இரண்டாகத் தெரிந்தது.

குண்டூசி அவள் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ படும்மா. உக்காந்தா கதை வராது."

அவள் படுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள் மகள், மூடினாள். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. காதருகே ஒரு தேன்குரல், மூச்சு படுகிற தூரத்தில்.

"வணக்கம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

காலையிலிருந்து அவள் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. அவளிடம் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறது. மூடின கண்ணின் ஓரத்தில் ஈரம் வழிந்து காதுக்குள் போனது.

"முதுகு வலிக்குது" என்றாள்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்றாள் குண்டூசி. "ப்ளக் போட்டிருக்கா?"

அவள் சிரித்தாள். இல்லை, பிடுங்கிவிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள்.

குண்டூசி போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டு, விளக்கை அணைக்க அப்பாவை மெதுவாகக் கூப்பிட்டாள்.